தேசம்மா கடை ஆணி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஆணியில் ரோஸியின் கூடை. சிவப்பும் மஞ்சளுமாக வயரில் பின்னியது.

தேசம்மா மீன்கடைத் தூணில் அடித்து வைத்த ஆணி அது. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால் ஊர் வாயில் விழ வேண்டும் என்று பட்டினப்பாக்கத்துப் பொம்பளைகள் உள்ளே வரவே மாட்டார்கள். கஷ்டம் இருக்கிறவள் தன் கூடையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். நான் யூனிபார்ம் போடுவதற்கு முன்னால் புடவையில் வந்து, ரெண்டு மீனை அதில் போட்டுக்கொண்டு, "மறந்து வச்சிட்டு வந்துட்டியே" என்று வீட்டுக்கே கொண்டுபோவேன். அப்புறம் பேச்சு. எழுத வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். வருஷக்கணக்காக இப்படித்தான்.

ரோஸி கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டினாள். பெல்ட் அடி. கட்டின புருஷன் ஜான்சன் பண்ணின வேலை. காசிமேட்டு விசைப்படகில் போகிறவன். கடலில் இருக்கிற வரைக்கும் இவளுக்கு நிம்மதி.

"கம்ப்ளெயின்ட் குடு. உள்ள தூக்கிப் போடறேன் நாயை."

வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்புறம் காரணத்தைச் சொன்னாள். இலங்கையில், மன்னாரில் பிறந்தவளாம். கைக்குழந்தையாகப் படகில் வந்து, அகதி முகாமில் வளர்ந்து, முகாமில் சொல்லாமல் இவனோடு வந்துவிட்டாள். அங்கே அவள் பதிவை நீக்கிவிட்டார்கள். இப்போது கையில் ஒரு காகிதம் கிடையாது.

"போலீஸுக்குப் போய்த்தான் பாரேன்னு சிரிக்கிறாரு அக்கா. உன்ன சிறப்பு முகாமுல போட்டுருவாங்க, அஸ்வினி என்கிட்டதான் இருப்பான்றாரு."

சிறப்பு முகாம் என்றால் காகிதமில்லாதவர்களை அடைத்து வைக்கிற ஜெயில் மாதிரி. அஸ்வினி அவள் பெண். மூணாவது படிக்கிறாள்.

"நானும் போலீஸ்தானடி?"

"நீங்க அக்கா," என்றாள்.

சாயங்காலம் ஜான்சனை டீக்கடையில் பிடித்தேன். அவள் ஊர்க்கதை எனக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு அடி விழுந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். "சரி ஏட்டம்மா" என்று பம்மினான்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். ஸ்டேஷன் வாசலில் பந்தல். இன்ஸ்பெக்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார். கூடை விஷயத்தை அப்படியே எடுத்துவிட்டேன். யார் பெயரும் சொல்லவில்லை. ஒரே கைதட்டல். புதிதாக வந்த கான்ஸ்டபிள் விக்கி வீடியோ எடுத்தான். "தேவானை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

குளுகுளு என்றிருந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 19, புதன்

மேலிடத்து உத்தரவாம். வெளிநாட்டிலிருந்து வந்து காகிதமில்லாமல் தங்கியிருப்பவர்களை ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கண்டுபிடிக்க வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"உனக்குத் தெரியாத வீடா? கூடை கொண்டுபோறப்ப அப்படியே கண்ணைத் தொறந்து வை. அவ்வளவுதான்."

"அதுக்கு வேற பிராஞ்ச் இருக்கே சார்."

"இப்ப நம்ம தலையிலயும் கட்டிட்டாங்க. நாளைக்கு எவனாவது குண்டு வெச்சா, உன் ஏரியாவுல எப்படி இருந்தான்னு என்னைத்தான கேப்பாங்க?"

அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ரோஸியா குண்டு வைக்கப் போகிறாள்? அவளுக்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைக்கவே பயம்.

யாரும் இல்லை சார் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 26, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். அதற்குள் குடி கெட்டது.

விக்கி ஆணியிலிருந்து ஒரு கூடையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். யூனிபார்மோடு! நிஷாவின் கூடை. அந்தப் பெண் என்ன கஷ்டத்துக்கு மாட்டினாளோ. இவன் அதைக் கேட்கவே இல்லை. அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்தச் சந்து முழுக்க ஆதார் கார்டைக் காட்டு, சொந்த ஊர் எது, அப்பன் ஊர் எது என்று நோண்டியிருக்கிறான்.

தேசம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இன்னா ஏட்டம்மா, எங்க கூடையத் தூக்கிக்கினு வந்து எங்களையே வேவு பாக்குறீங்களா? இதுக்குத்தான் ஆணி அடிச்சி வெச்சேனா நானு?"

வீங்கின தாடையோடு ஸ்டேஷனுக்குப் போய் விக்கியை எருமை என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான்.

"மேடம், நீங்கதான மைக்ல சொல்லிக் குடுத்தீங்க?"

ஐயோ. ஆமாம், நான்தான்.

ஏப்ரல் 2, புதன்

ஆணி காலி. பொன்னாடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 9, புதன்

மயிலாப்பூரில் தேர். விடிந்ததும் பந்தோபஸ்து. என் வண்டி மக்கர் பண்ணியதால் விக்கி பைக்கில் ஏறினேன். தேசம்மா கடைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினான்.

ஆணியில் ரோஸியின் கூடை.

இத்தனை நடந்த பிறகும் மாட்டியிருக்கிறாள்! அதற்குள் விக்கி பார்த்துவிட்டான்.

"மேடம், கூடை! யாருது?"

"தேசம்மாவுது. வண்டிய எடு."

தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். என்னவென்று சொல்வது? எடுத்தால் விக்கி பின்னாலேயே வருவான். அவள் வாசலில் நின்று ஊரென்ன பேரென்ன என்று ஆரம்பிப்பான். எடுக்காவிட்டால்?

நாள் முழுக்க மாட வீதியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளினேன். சாமி எப்போது போனது என்றே தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்தபோது கடையைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

கூடை இல்லை. ரோஸி வீட்டில் பூட்டு.

ஏப்ரல் 12, சனி

பெரியாஸ்பத்திரி. ரோஸிக்கு இடது கை ரெண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஜான்சன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்துகூட நின்றான், மரியாதையாக.

"மாடிப்படியில வழுக்கிட்டேன் மேடம்," என்றாள்.

மேடமாம்.

"நெசமாவாடி?"

"ஓம்..." என்று மன்னார்ப் பேச்சில் ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து, "ஆமா மேடம்" என்று மாற்றிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு ஏது மாடி? தரையோடு தரையாக ஒற்றை ரூம்.

நானே கேஸ் போட முடியாதா? போடலாம். முதல் கேள்வியே பாதிக்கப்பட்டவள் யார், எந்த ஊர் என்றுதான் வரும். கட்டுப் போட்ட கையோடு அவளைக் கூட்டிப்போய் இன்ஸ்பெக்டர் எதிரில் நிறுத்தியது நானாக இருப்பேன். அஸ்வினி அவனிடம் இருப்பாள். அந்த நாய் எல்லாக் கதவையும் பார்த்து வைத்துத்தான் சாத்தியிருக்கிறான். தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தது நாங்கள்.

செவ்வாய்க்கிழமை தடைக்காலம் ஆரம்பம். படகு போகாது. ரெண்டு மாசம் வீட்டிலேயே கிடப்பான்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஈஸ்டர். கோயில் வாசலில் ரோஸியைத் தூரத்தில் பார்த்தேன். கழுத்தில் தூளி கட்டின கை, மறு கையில் அஸ்வினி. ஜான்சன் முன்னால் போனான். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

இன்றைக்குப் புடவையில், தனியாக, தேசம்மா கடைக்குப் போனேன். ஆணியில் கூடை இல்லை, தேசம்மாவின் குடைதான் தொங்கியது. தலை நிமிராமல் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு விக்கி கூட இருந்தான் தேசம்மா. எடுத்திருந்தா அவ மாட்டிக்கிட்டிருப்பா. அதான் எடுக்கல. அவகிட்ட நீயாவது சொல்லேன்."

"நான் இன்னான்னு சொல்றது?" செதில் ஒட்டின கையால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். "கூடைய மாட்டிட்டு, அதோ அந்த அந்தோணியார் கெபிகிட்ட குந்திக்கினு இருந்தா. புள்ளையோட துணியெல்லாம் பையில கட்டிக்கினு. உன் கூடவே கெளம்பிடலாம்னு."

அந்தோணியார் சிலை வைத்த அந்தக் கெபியைப் பார்த்தேன். கடைக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரோடுதான்.

"நீ வந்ததையும் பாத்தா ஏட்டம்மா. அந்தப் பையன் பைக்குல ஏறிப் போனதையும் பாத்தா."