பாதி மூடின எண்ணெய் ஓட்டை

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கால் எப்படி இருக்கு? மாவுக்கட்டுக்குள்ள அரிச்சா ஸ்கேலை விட்டுச் சொறியாதீங்க. உங்க அப்பா ஓட்டின பைக், அதுக்கே அறுபது வயசு. கியர்பாக்ஸுக்கு நான் புது புஷ், அதான் ஷாஃப்ட் சுத்துற வளையம், போட்டு ஒரு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள நடுரோட்டுல இறுகி உங்களைத் தூக்கி எறிஞ்சிருக்குன்னா, எண்ணெய் பாக்காம ஓட்டியிருக்கீங்க. தங்கச்சிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாக்ஸைக் கழட்டி அனுப்பி வைங்க, நான் பாத்துக்கிறேன்.

அன்புடன்,
மச்சான்

பிப்ரவரி 15

அன்பு மச்சானுக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் பாக்ஸைக் கழட்டிக் கொடுத்தார். பார்சல்ல ஒழுகக் கூடாதுன்னு நானே உக்காந்தபடி எண்ணெயை வடிச்சேன். நிறைய வந்த மாதிரிதான் இருந்துச்சு. என் கண்ணுதான் ஏமாத்துதோ என்னவோ.

உங்க தங்கச்சி விடுறதாயில்லை. "காபியில சர்க்கரை குறைஞ்சா மட்டும் உடனே தெரியுது, வண்டியில எண்ணெய் இல்லாதது தெரியலையா?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்குறா. வண்டியை வித்துடணுமாம். சரின்னுட்டேன். என்னாலதானே இவ்வளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 12

மாப்பிள்ளை,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். போன்ல உங்க குரலைக் கேட்டா வாய் வராது.

பாக்ஸ் மூணு வாரமா பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சு. திறக்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். புஷ் போட்ட அன்னைக்கு, பாக்ஸோட வெளிக்கூட்டை, அதான் கேஸை, அடுப்புல சூடாக்கி, ஐஸ்ல வெச்ச புஷ்ஷை உள்ள விட்டேன் இல்லையா? ஒரு மூச்சு நேரம்தான், சூடு ஆறினா இறுகிடும், அப்புறம் அசையாது. உங்ககிட்ட ஏதோ கிண்டல் பண்ணிக்கிட்டே விட்டதுல திரும்பிடுச்சு. கேஸ் ஓட்டையும் புஷ் ஓட்டையும் நேருக்கு நேரா நிக்கணும், அப்பதான் ஷாஃப்டுக்கு எண்ணெய் போகும். பாதிதான் தெரிஞ்சுது. எடுத்தா புஷ் வீணாப் போகும், வேற புஷ் இல்லை. தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டா. பாதி போதும்னு விட்டுட்டேன். "ஒரே தட்டு, எப்படி உக்காந்துச்சு பாத்தீங்களா!"ன்னு பீத்திக்கிட்டேன் வேற.

எண்ணெய் குறையலை மாப்பிள்ளை. உங்க காலை உடைச்சது நான். பழியையும் உங்க தலையிலயே போட்டேன். வெட்கமா இருக்கு. கண்ணாடி பாத்து ஷேவ் பண்ணக்கூட முடியலை.

மச்சான்னு கையெழுத்துப் போட மனசு வரலை.

மார்ச் 20

அன்பு மச்சானுக்கு,

கோவம் இல்லைன்னு சொன்னா பொய். கடிதத்தைப் படிச்சுட்டு ஊன்றுகோலைச் சுவத்துல எறிஞ்சேன். அப்புறம் அதை எடுக்கத் தவழ்ந்து போனேன்.

அன்னைக்கு உங்க கட்டைவிரல் அந்த ஓட்டை மேல கொஞ்ச நேரம் நின்னுச்சு. பாத்தேன். பெரிய மெக்கானிக்கை, அதுவும் மச்சானை, கேள்வி கேக்கிறதாவதுன்னு பேசாம இருந்துட்டேன். எண்ணெயை வடிச்சு அளந்தும் பாத்தேன். சொட்டுக் குறையலை. நீங்களாவே சொல்றீங்களான்னு காத்திருந்தேன்.

வண்டியை விக்கலை. வேற புஷ் போட்டு, பாக்ஸை நீங்களே கொண்டாந்து மாட்டுங்க. முதல்ல நீங்க ஓட்டணும், நான் பின்னால உக்காருவேன்.

ஆனா அதுக்கு முன்னாடி உங்க தங்கச்சிகிட்ட நேர்ல சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கிட்டுப் போறப்பவே, "எங்க அண்ணன் கைபட்ட வேலை தப்பாகாது"ன்னு நர்ஸ்கிட்டகூடச் சொல்லிட்டா.

உங்கள் மாப்பிள்ளை