ஸ்டெல்லா காட்டிய இத்தாலிக் கோயில்

செப்டம்பர் 14, ஞாயிறு

இத்தாலிக்கு வேலைக்குப் போன ஸ்டெல்லா லீவில் வந்திருக்கிறாள். பூசை முடிந்ததும் தான் போகும் பங்குக் கோயிலைப் போனில் காட்டினாள். அறுநூறு வருஷத்துக் கல் கட்டடமாம். தூண்களை அதைவிடப் பழைய கோயிலிலிருந்து எடுத்து வைத்தார்களாம். மணிக்கூண்டு மட்டும் பிற்பாடு கட்டியதாம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் தகரக் கூரைக்குக் கீழே நின்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சனிக்கிழமைதோறும் இந்தச் சீமெந்துத் தரையைத் துடைக்கிற எனக்கு வயிறு எரிந்தது.

"அவ்வளவு பழசுனா மழைக்கு ஒழுகுமே?" என்று கேட்டேன்.

"ஒழுகும்க்கா. அங்க கோயில் கூட்டுறது நான்தான். பக்கெட் வச்சுத் தொடைச்சு எடுப்பேன்" என்றாள்.

அவளும் துடைக்கிறவள்தான் என்று தெரிந்ததில் வீடு வந்து சேரும்வரை சந்தோஷமாக இருந்தது. இப்போது தூக்கம் வரவில்லை. போனில் பார்த்தேனே, அவள் துடைக்கிறது பளிங்குத் தரை.