வாசலுக்கு வெளியே தூக்கிப் போகாதவன்

அன்புள்ள தலைவிக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும். உன் பெயரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. என் மகன் வீட்டில் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எங்க தலைவி" என்றுதான் சொல்வான், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. பத்துப் பதினோரு பேர் இருக்கிற மாணவர் சங்கத்துக்கு ஒரு தலைவியா என்று நான் அவனைக் கேலி செய்வேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. போனில் கேட்டிருந்தால் "சரிம்மா, உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய்" என்று சொல்லி வைத்திருப்பேன். அப்புறம் இரண்டு நாள் மனதுக்குள் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். நீ எழுதிக் கேட்டுவிட்டாய், நானும் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியதாகிவிட்டது. ரொட்டிக் கம்பெனியில் நாள் முழுக்கப் பாக்கெட்டின் வாயைத் திருகித் திருகி மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் ஒரு பிள்ளை போதை மிஞ்சி விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவனையும் கூட இருந்தவனையும் தண்டிக்கக் கூடாது என்று நீங்கள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது நிர்வாகம் இறங்கி வந்திருக்கிறது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்த விதியை நிறைவேற்றத் தயார் என்கிறார்கள். ஆனால் பழையதைக் கிளறக் கூடாதாம். என் மகனைக் கல்லூரியை விட்டு நீக்கியது அன்றைய விதிப்படி சரிதான் என்று, மாணவர்கள் எல்லோர் சார்பாகவும், நீ எழுந்து நின்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் விதி வரும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்கிறாய்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர்கள் ஒருபடி மேலே போய், கிள்ளியது சரிதான் என்று பக்கத்தில் நிற்கிறவளைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் விடுதி வழக்கத்தை அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். யாராவது மயங்கி விழுந்தால் நாலு பேர் சேர்ந்து கேட்டுக்கு வெளியே தூக்கிப் போய், பஸ் ஸ்டாப் பெஞ்சில் கிடத்திவிட்டு, யாரோ வழியில் கிடக்கிறான் என்று அங்கிருந்து போன் செய்வீர்களாம். அந்தப் பெஞ்சுக்கு "அவசரப் பிரிவு" என்று பெயர் கூட வைத்திருந்தீர்களாமே. கேட்டபோது சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஊரெல்லாம் அப்படித்தானே செய்தார்கள், உன் அறையில் ஒருத்தன் விழுந்தபோது நீ மட்டும் ஏன்டா அங்கிருந்தே கூப்பிட்டாய் என்று நானும் ஆறு மாதமாவது அவனை அரித்திருப்பேன். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னான். "மூணு மாடிம்மா. கீழ எறக்குறதுக்குள்ள மூச்சு நின்னிருக்கும். உதடு அப்பவே நீலமாயிடுச்சு" என்றான். போனில் பெயர் கேட்டார்களாம், சொன்னானாம். அறை எண் கேட்டார்களாம், அதையும் சொன்னானாம். ஆம்புலன்ஸ் முன்னால் வந்தது, வார்டன் பின்னால் வந்தார். போதைப் பொட்டலம் கிடந்தது இவன் அறையில். விழுந்த பக்கத்து அறைப் பையனுக்கு மருத்துவ விடுப்பு கிடைத்தது, இவனுக்கு வீட்டுக்குப் போகும் சீட்டு கிடைத்தது.

அந்தப் பையன் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான், தெரியுமா? உங்கள் சங்கத்துக்கு இப்போது அவன்தான் போஸ்டர் ஒட்டுகிறானாம். வாசலில் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அடக்க முடியாமல், முழுசாக விட்டுவிட்டாயா என்று கேட்டேன். "இல்லம்மா. கொறைஞ்சிருக்கு. தனியா இருக்கும்போது தொடறதில்ல" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதற்காகவா என் பிள்ளை படிப்பைத் தொலைத்தான் என்று, அவன் போன பிறகு கத்தினேன். என் மகன் தட்டைக் கழுவிக்கொண்டே, "உயிரோட இருந்தாத்தானம்மா என்னைக்காவது விட முடியும்" என்றான். நீங்கள் கேன்டீன் வாசலில் மேஜை போட்டுக்கொண்டு, தனியாக எடுக்காதே, மூச்சுத் திணறினால் உடனே ஆளைக் கூப்பிடு என்று நோட்டீஸ் கொடுத்தபோது, இது என்ன கூத்து, எடுக்காதே என்றல்லவா சொல்ல வேண்டும் என்று நானே பேசியவள்தான். இன்னமும் எனக்கு அது முழுதாகச் சம்மதமில்லை. ஆனால் அந்தப் பையன் எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்த கண்ணால் வேறு மாதிரி பேச முடியவில்லை.

இங்கே நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போதைக் கேஸில் துரத்தப்பட்டவன் என்றுதான் சொந்தக்காரர்கள் பேச்சு. என் வீட்டுக்காரருக்கே முழு நம்பிக்கை கிடையாது. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருமுறை சொன்னார், அதோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுவிட்டது. அப்படியும் அவர், மகனை நீக்கியது தவறு என்று மனு எழுதுவதை மட்டும் விடவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுத்த மனுஷன், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மாதா மாதம் உங்கள் நிர்வாகத்துக்கு ஒன்று போகும். யானை வாயில் போன கரும்புதான், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. என்றாவது ஒரு நாள் 'உங்கள் மகன் மேல் தவறில்லை' என்று காகிதம் வரும், அன்றைக்கு மகனிடம் பேசலாம் என்று காத்திருக்கிறார். நீ வியாழக்கிழமை சொல்லப் போகும் வார்த்தை அந்தக் காகிதத்தை இனி வரவே விடாது.

அவனும் என் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான், சரக்கு ஏற்றும் பக்கம். ரொட்டித் தட்டுகளை வண்டி வண்டியாகப் பிரித்து ஏற்றுவான். உன் கடிதத்தைத் தேநீர் இடைவேளையில், காலி பெட்டிகள் மேல் உட்கார்ந்து, அவனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "சொல்லட்டும்மா. எப்படியும் நான் திரும்பிப் போகப் போறதில்ல. விதி வந்தா போதும்" என்றான். நிதானமாகத்தான் சொன்னான். எழுந்து போய், தெற்கே போக வேண்டிய ரொட்டி முழுவதையும் வடக்கு வண்டியில் ஏற்றிவிட்டான். இத்தனை நாளில் அவன் ஒரு தட்டு கூட மாற்றி வைத்ததில்லை. மேற்பார்வையாளர், "என்னப்பா, காலேஜ் ஞாபகமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவன் ஒவ்வொரு தட்டாகத் திரும்ப இறக்கினான். நானும் போய்ப் பிடித்துக்கொடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் நேற்றுச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், சொல்லச் சொல்லிவிட்டான் என்றேன். "அப்போ இந்த மாச மனுவை அனுப்பவா, வேணாமா?" என்றார். தூக்கம் வருகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்கத் தெரியாது. இதை என்னிடம் கேட்காமலே செய்திருக்கலாமே என்றும் தோன்றுகிறது, கேட்டாயே, நல்ல பெண் என்றும் தோன்றுகிறது. இரண்டு பேர் சங்கத்தை விட்டுப் போய்விட்டார்கள், ஒரு பாடத்தில் தோற்றுவிட்டாய், வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாய் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில் 'எனக்கு முடியவில்லை' என்று எழுதி அடித்திருக்கிறாய். அடித்தாலும் தெரிகிறது, கண்ணு. எனக்கும் முடியவில்லை. இந்த வீட்டில் யாருக்குமே முடியவில்லை.

ஆனாலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் வேண்டாம் என்று சொல்லி, அதனால் விதி தள்ளிப்போய், இந்த ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெஞ்சில் இன்னொரு பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தால், என்னால் தாங்க முடியாது. அதனால் சொல். மனசார ஒப்புக்கொண்டு சொல்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதே. வேறு வழி தெரியாமல் சொல்கிறேன்.

வெளியாட்களும் வந்து உட்காரலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? வியாழக்கிழமைக்கு விடுப்பு கேட்டு வாங்கிவிட்டேன். காலைப் பஸ்ஸில் வருகிறேன். அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எழுந்து நின்று அதைச் சொல்லும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பார்க்காதே. தலையைக் குனிந்துகொண்டும் சொல்லாதே. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடி, என்னைப் பார்த்துச் சொல். பெற்ற பிள்ளைகள் சொல்லும் பொய்யை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருப்பது எந்த அம்மாவுக்கும் புதிதில்லை. நான் அழ மாட்டேன். முடிந்ததும் வெளியே வா, எங்காவது உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடலாம்.

நன்றாக இரு. அதுவரைக்கும் கொஞ்சம் தூங்கு.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா