திருப்தி உண்டு என்று எழுதிக் கொடுத்த தவறு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகம் என்று போனில் சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக ஒரு வாளி வெந்நீரில் பாதங்களை வைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன், நேற்று முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து ஜெர்மனில் பேசியதன் பலன். எங்கள் அலுவலகக் கூத்தைக் கேள். இந்த வருடம் ஐந்து வழிகாட்டிகள் போய்விட்டார்கள், போன மாதம் பிரெஞ்சு வழிகாட்டி, நம்ம பிரெஞ்சுக்காரியும் போனாள், உனக்குத் தெரியுமே, என்னை அக்கா என்று சுற்றிச்சுற்றி வருவாளே, அவள்தான். போனவர்களிடம் ஏன் என்று கேட்காமல், இன்னும் இருக்கிறவர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார் மேலாளர், பேர் வேண்டாம், தைரியமா உண்மையை எழுதுங்க என்றார். முதல் கேள்வியே எந்த மொழி வழிகாட்டி என்பது. ஜெர்மனுக்கு மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி. வேலையில் திருப்தி உண்டா என்பதற்கு ஆம் என்று போட்டுத் தொலைத்தேன், மொத்த அலுவலகத்தில் அது ஒன்றுதான் ஆமாம். மறுநாளே கூப்பிட்டு, யார் எழுதினதுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா, ஆனா உங்களுக்கு வாழ்த்துகள் என்றார். திங்கள் முதல் நான் வெளியே போக வேண்டாமாம், மாடியில் தனி அறை, வேலையை விட நினைக்கிறவர்களை எதிரே உட்காரவைத்து எனக்கு எப்படித் திருப்தி வந்தது என்று எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அப்போ ஜெர்மன்காரங்களை யாரு கூட்டிட்டுப் போவா என்றேன், காதுல மாட்டினா ஜெர்மன்ல விளக்கம் சொல்ற கருவி வாங்கியாச்சு, அது லீவே கேட்காது என்றார்.

அப்பாவுக்கு ஒரே குஷி, இனிமேயாவது முட்டிக்கு ஓய்வு கொடு, மகாராணி மாதிரி ஏசியில உட்காரு என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பதினெட்டு வருடமாக வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பாடுவது கால்வலிப் பாட்டுதானே. ஆனால் போன வாரம் மணிக்கூண்டின் கீழ் என் குழுவில் ஒரு ஜெர்மன் பெரியவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார், மூன்று மணி நேரம் விடாமல் முயன்று கடைசியில் சிரிக்கவைத்துவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்பது எனக்கே அந்தப் படிவத்தில்தான் தெரிந்தது, தெரிந்த கையோடு பிடுங்கிக்கொண்டார்கள்.

நீ எதிலும் கையெழுத்துப் போடுமுன் நிதானமாகப் படி. பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரி இப்போது தனியாகச் சுற்றுலாத் தொழில் நடத்துகிறாள், நீங்க மட்டும் வாங்கக்கா, மத்ததை நான் பார்த்துக்கறேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள், இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவிடம் உளறிவிடாதே, திங்கட்கிழமை நான் மாடி ஏறப்போவது ராஜினாமாக் கடிதத்தோடு.

உன் அம்மா