சோளம் அறுத்த காட்டில் பன்றி

தேவராஜ மொஹல்லா,
மைசூரு.

அன்புள்ள தருண்குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் தொப்பை மட்டும் தேவைக்கு மேல் நலம். வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்பாய். என் போனை உன் அம்மா என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்பும் உன் சிநேகிதன் ஹேமந்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று வீடியோவில் நீ குனிந்தபோது இடுப்பில் தெரிந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பிறகு கேட்டதற்கு, "டெக்சாஸ்ல துப்பாக்கிக்கு பர்மிட்டே வேண்டாம்ப்பா, சட்டைக்குள்ள வெச்சுட்டுப் போகலாம்" என்று சிரித்தாய். கிரீன் கார்டு வந்தபோதுகூட வாங்காததை, அனுப்ரியா உன்னைப் பிரிந்து போன பிறகு வாங்கியிருக்கிறாய். திருடர் பயம் என்றாய். கதவைப் பூட்டாமலே தூங்கிவிடுகிறேன் என்று சொன்னதும் நீதான்.

ஹனூரில் உன் மல்லப்பன் பெரியப்பாவிடம் பன்றி விரட்டும் துப்பாக்கி இருந்ததே. அவர் லைசென்ஸுக்கு அலைந்து முடிப்பதற்குள் பன்றிகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒரு தேர்தல் நடுவில்தான் பூவாத்தாள் பெரியம்மா போனாள். காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் ஸ்டேஷனில் போய், "காட்டுல பன்னி எறங்குதுங்க, துப்பாக்கியக் குடுங்க" என்று நின்றார். "ஓட்டு எண்ணட்டும் மல்லப்பண்ணா, ஆமேலே, அப்புறமா வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். காட்டில் அப்போது பயிரே இல்லையடா. சோளம் அறுத்தாகிவிட்டது.

ஓட்டு எண்ணிய பிறகு துப்பாக்கியை வாங்கிப் போகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. பிற்பாடு லைசென்ஸையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று நம் மளிகைக் கடைக்கு வந்து என் தொப்பையைத் தட்டி, "எத்தனாவது மாசம்டா?" என்றார். கடையே சிரித்தது. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கண்ணு, உங்கள் ஊரில் யாரும் கேட்டு வாங்கி வைக்கமாட்டார்கள். ஆகவே நானே தேர்தல் அறிவித்துவிட்டேன். எதிரில் நிற்கிற ஹேமந்திடம் அதைக் கொடு. விவரம் சொல்லியிருக்கிறேன், கொஞ்ச நாள் உன்னுடனே தங்குவான். நானும் விசாவுக்குப் போட்டிருக்கிறேன். நான் வந்து ஓட்டு எண்ணும்வரை அது அவனிடமே இருக்கட்டும். கணக்கில் உன் அப்பன் எவ்வளவு மெதுவென்று உனக்குத் தெரியும்.

எந்நேரமானாலும் கூப்பிடு. நீ பேச வேண்டாம். இந்த வாயாடி பேசிக்கொண்டே இருப்பேன்.

என் தொப்பையைக் கேலி செய்யவாவது நீ நெடுநாள் இருக்க வேண்டும், சாமி.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா
சுப்பையா