சமையலறைச் சுவரில் ஒரு கோடு

அன்புள்ள உம்மாவுக்கு மகளின் ஸலாம். வாப்பாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நலம். தையல் கூடத்தில் ஊசி விரலில் லேசாகக் குத்திவிட்டது, அவ்வளவுதான்.

சித்தப்பா வீடியோவில் கூப்பிட்டார். நம் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, "இதுவரைக்கும் என் பங்கு வரும்மா, சும்மா பார்த்து வச்சேன்" என்று சிரித்தார். பின்னால் வாப்பா இருமுவது கேட்டது. ஊசி குத்தியது அப்போதுதான்.

வாப்பாவுக்குப் பிறகு ஒரே மகளான எனக்குப் பாதி, உங்களுக்கு எட்டில் ஒன்று, மீதி வாப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு. மார்க்கத்தை நான் மறுக்கவில்லை. மீதியை ஆணுக்குக் கொடுப்பது பெண்களை அவன் தாங்குவதற்காக என்பார் பள்ளிவாசல் ஹஜ்ரத். வாப்பாவின் மருந்துக்கு ஒருநாளாவது சித்தப்பா வந்து நின்றாரா?

வாப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டை எனக்கு ஹிபா என்று அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாமாம். கேட்க வாய் வரவில்லை உம்மா. வாப்பாவின் மவுத்துக்கு நான் நாள் பார்ப்பதுபோல் ஆகிவிடும். நீங்களும் கேட்காதீர்கள்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அந்தக் கோட்டை மட்டும், வாப்பா எழுந்து நடமாடுவதற்குள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

உங்கள் மகள்