நான் வழிமொழியாத பிரேரணை

மதினி, இன்று பதுளை பஸ் ஸ்டாண்டில் கடலை வதக்குகிற வாசம் வந்தது. தேங்காய்ச் சொட்டு, காய்ந்த மிளகாய், மேலே கொஞ்சம் கறிவேப்பிலை. கை தானாகப் பையைத் திறந்து இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இரண்டாவது பொட்டலம் உங்களுக்கென்று வாங்கியது. அழவெல்லாம் இல்லை. இரண்டையும் நானே தின்றேன். ஹாலிஎல வருவதற்குள் வாய் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா நான் எதற்கோ அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, நான் இன்னும் விடாமல் போகிறேன். டவுனில் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கூரைத் தகரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, பெண்பிள்ளைகளுக்குத் தையல் பயிற்சி. யாருக்கு என்ன கொடுப்பது என்று முடிவெடுக்கும் நிர்வாக சபையில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் நாலு பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சங்கத்துச் சட்டமான யாப்பிலேயே எழுதிவைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. நம் லயத்து ஆட்கள் கோயிலுக்கு முன்னால் கூடி உங்களையும் என்னையும் அனுப்பினார்கள். உங்களை உங்கள் வாய்க்காக அனுப்பினார்கள். என்னை, அந்த வாய்க்குத் துணையாக.

அந்த வாயே முதல் வருஷம் முழுக்க மூடித்தான் கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெரிய மேசை, தேங்காய்ப்பூ போட்ட பிஸ்கட், ஆளுக்கொரு ஃபைல். தலைவர் சேர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், தங்கமான மனுஷர். ஆனால் வாசிக்க ஆரம்பித்தால் மலையிறங்குகிற லொறிதான், நடுவில் நிற்காது. அப்படி ஒருநாள் ஒரு புது விதியை வாசித்தார். தகரம் கேட்டு விண்ணப்பிக்கிறவர் தன் சொந்தப் பெயரில் வருகிற கரண்ட் பில்லை இணைக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை தகரம் போய்விட்டதாம், அதைத் தடுக்க. எல்லாரும் கை தூக்கினார்கள். நாமும் தூக்கினோம். காலையில் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை காட்டுகிற மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் நாம். ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தால் மட்டும் அது ஒரே நாளில் வந்துவிடுமா?

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நீங்கள் திடீரென்று என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"ஏ புள்ள, நம்ம லயத்துல யாருக்கு சொந்தப் பேர்ல பில்லு வருது?"

முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஒரு வீட்டில் தாத்தா பெயர். ஒரு வீட்டில் எப்போதோ கொழும்புக்குப் போய்விட்ட அண்ணன் பெயர். தோட்டத்து வீடு யாருக்குச் சொந்தம், சொந்தப் பெயரில் பில் வருவதற்கு? கடைசிக் காம்பராவுக்கு வந்தோம். அது பேச்சியம்மாவின் வீடு. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. காற்றில் பாதிக் கூரை பறந்துபோய், மழைக்குப் போர்த்துகிற படங்குச் சீலையை இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தார். நாம் வற்புறுத்தித்தான் தகரத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அவருக்கு பில் வருவது செத்துப்போன மாமனார் பெயரில்.

"அவளுக்காகத்தானடி நம்மள அனுப்புனாங்க. நம்ம கையாலயே தட்டிவிட்டுட்டோமே" என்றீர்கள்.

அடுத்த மாசக் கூட்டத்தில் போன கூட்டத்து அறிக்கையை வாசித்து, சரிதானே என்று சேர் கேட்டார். எப்போதும் எல்லாரும் தலையாட்டுகிற இடம் அது. நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"போன மாசம் தூக்குன கைய இன்னைக்கு எறக்கணும் சேர். தெரியாமத் தூக்கிட்டேன்."

சபை முழுக்கச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "நடந்தத மாத்தி எழுத முடியாதும்மா. விதிய மாத்தணும்னா நீங்க ஒரு பிரேரணை கொண்டுவாங்க. இன்னொருத்தர் வழிமொழிஞ்சாத்தான் பேச எடுக்கலாம்" என்று பொறுமையாகச் சொன்னார். நீங்கள் கொண்டுவந்தீர்கள். கரண்ட் பில் வேண்டாம், அவ்வளவுதான் உங்கள் பிரேரணை. சேர் மேசையைச் சுற்றிப் பார்த்து, "யாராவது வழிமொழியிறீங்களா?" என்று கேட்டார். மற்ற லயத்து உறுப்பினர்களான லுணுகலைப் பக்கத்து இரண்டு பேரும் பஸ் கிடைக்காமல் அன்று வரவில்லை. லயத்து ஆள் என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளின் பெயர் தையல் பயிற்சிப் பட்டியலில் இருந்தது. சபையோடு முரண்டு பிடித்தால் அந்தப் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயம். சேர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும், தெரிந்தும் வாய் வரவில்லை. சேர் இரண்டாவது தடவையும் கேட்டார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மெல்ல உட்கார்ந்தீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெளியே வந்ததும், "சேர் கேட்டது எனக்கு விளங்கல மதினி" என்று ஒரு பொய் சொன்னேன். "சரி விடு, அடுத்த மாசம் விளங்கும்" என்று சொல்லிவிட்டுக் கடலை வாங்கப் போனீர்கள். எல்லாம் நன்றாக விளங்கியது மதினி. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள்.

அந்த மாசம் பார்த்து மழை விடவே இல்லை. கொழுந்துக்குப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் பேச்சியம்மா ஈரப்பாயைத் தூக்கி வாசல் கம்பியில் போட்டுக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் சிரிப்பார். "டவுனுல என்னம்மா சொன்னாங்க?" என்று ஒருநாள் கேட்டார். பேசிக்கிட்டு இருக்கோம் என்றேன். பேசவே விடாமல் செய்தவள் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? அந்த மழை என்னைக் குத்திய மாதிரி அட்டைகூடக் கடித்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் பிரேரணையைச் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. "மொதல்ல அவங்க முடிக்கட்டும்மா" என்றார் சேர். அன்று பேசினார்கள், ஒரு மணி நேரம் பேசினார்கள். பில் வேண்டாம் என்றால் ஆளை எப்படி உறுதிப்படுத்துவது என்று ஒருவர் கேட்டார். "பக்கத்துக் காம்பராவக் கேளுங்க சேர். லயத்துல ஒருத்தர் வீட்டுல என்ன கொழம்புன்னுகூட மத்தவங்களுக்குத் தெரியும். தகரம் வந்தது தெரியாதா?" என்றீர்கள். சேர் அதைத்தான் அப்படியே விதியாக எழுதினார்: அதே லயத்தில் மூன்று குடும்பம் கையெழுத்து வைத்தால் போதும். பேச்சியம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மூன்று குடும்பம் கேட்டால் லயமே வந்து நின்றது. அடுத்த மாசம் தகரம் வந்தது. மகளின் பெயரை யாரும் வெட்டவில்லை. இப்போது ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைக்கிறாள்.

இனி இன்றைய கதை. உங்கள் இடத்துக்கு லயத்திலிருந்து ஃபெக்டரியில் வேலை செய்கிற ஒரு தம்பியை அனுப்பியிருக்கிறார்கள். நாலு பிள்ளைக்குத் தகப்பன், கொஞ்சம் முன்கோபி. இன்று அவர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார்: இனிமேல் ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் கூட்டத்தை லயத்திலேயே, கொழுந்துக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் வைக்க வேண்டும். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. மாசத்தில் ஒருநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிற ஒரே பயணம் அது. அதையும் பறித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொல்வார்கள் என்னை.

ஒருவரும் வழிமொழியவில்லை. தம்பியின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. கையில் இருந்த காகிதத்தை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"வழிமொழியிறேன் சேர்" என்றேன்.

நான் வழிமொழிந்ததும் சபை அதைப் பேச எடுத்தது. நானும் விடாமல் எதிர்த்துப் பேசினேன். ஓட்டெடுப்பில் எதிராகத்தான் கை தூக்கினேன். தோற்றும் போனேன். வருகிற மாசம் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தேத்தண்ணி யார் பொறுப்பு என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் மனசு என்னவோ நிறைந்துதான் இருந்தது மதினி.

படியில் இறங்கும்போது தம்பி பின்னாலேயே வந்தார்.

"என்னாக்கா இது? எதிரா ஓட்டு போடுறவங்க எதுக்கு வழிமொழிஞ்சீங்க?"

"ஒரு தடவ ஒருத்தங்களத் தனியா நிக்கவிட்டுட்டு ஒக்காந்திருந்தேன் தம்பி" என்றேன். "இனிமே முடியாது."